கோதுமைப் படத்துக்குக் கீழே நெல்

நீடாமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம்தான் பிள்ளையைத் தேடி வரும். மே மாசக் கடைசியில் தலைமையாசிரியையும் இன்னொரு டீச்சரும் சத்துணவு ஆயாவும் ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார்கள். "பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆயிடுச்சுல்ல, கொண்டாந்து விடுங்க" என்று வாசலில் நின்று கேட்பார்கள். மோர் கொடுத்தால் குடிப்பார்கள். சரி என்று சொன்னால் அங்கேயே நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார்கள். முதல் நாள் அட்டையில் செய்த கிரீடத்தைப் பிள்ளை தலையில் வைத்து உள்ளே அழைத்துப் போவார்கள்.

இதுதான் ஊர் உலக வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாசம் ஆற்றில் தண்ணீர் விடுவார்கள், பள்ளிக்கூடம் திறப்பார்கள். இரண்டுக்கும் நாம் முன்கூட்டிப் போய் நிற்க வேண்டியதில்லை. அதது வரும்.

என் வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்தவர். அறுவடை மிஷின், டிராக்டர், பம்புசெட் என்று சேற்றில் கிடந்து படுத்துப்போன எஞ்சினையெல்லாம் எழுப்பியவர். நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர், எங்கள் பக்கம் அறுவடை மிஷினும் வாடகைக்கு விடுபவர், இவர் கைவேலையைப் பார்த்துவிட்டு, "வயலைக் கட்டிக்கிட்டு அழாதய்யா, துறைமுகத்துக்கு வா, வருஷம் பூரா வேலை இருக்கு" என்று கூப்பிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றி எஞ்சினைப் பிரிப்பார்கள் என்பதால் இவர் சித்திரையிலேயே போய்விட்டார். பரீட்சை முடித்து, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் பின்னால் போவதாக ஏற்பாடு.

எனக்குக் கவலை பசி மாதிரி. வேளாவேளைக்கு வந்துவிடும். அதனால் சாமான் கட்டுவதற்கு முன்னால், வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கும் முன்னால், நான் செய்த முதல் வேலை பிள்ளைகளின் டி.சி.யை வாங்கியது. பெரியவள் ஐந்தாவது முடித்திருந்தாள். அவளுக்கு எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். சின்னவள் ஒன்றாவதுதான். தலைமையாசிரியை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் இருந்தார்.

"சின்னவளுக்கும் இப்பவே வேணுமா? இருக்கறதே கொஞ்சம் பேரு. இன்னும் குறைஞ்சா ஒரு டீச்சரை வேற ஊருக்குத் தூக்கிடுவாங்கம்மா. அங்க இடம் கிடைச்ச பிறகு வந்து வாங்கிக்கங்களேன்."

"பள்ளிக்கூடத்துல இடம் கிடைக்காமப் போகுமா டீச்சர்?" என்று சொல்லி நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

நாகையில் முதல் பள்ளிக்கூடத்தில் கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று வாட்ச்மேன் சொன்னார்: "அட்மிஷன் க்ளோஸ்டு."

"பள்ளிக்கூடமே இன்னும் திறக்கலையேங்க?"

"ஜனவரியிலயே முடிஞ்சிடுச்சும்மா. எந்த ஊரு நீங்க?"

ஜனவரியில் நாங்கள் சம்பா அறுத்துக்கொண்டிருந்தோம். என் மாமனார் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, ஈரம் இருக்கிறது, காயவில்லை என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். தை மாசத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எவன் கிளம்புவான்? கதிர் களத்தில் கிடக்கும்போது ஜூன் மாசத்து வகுப்புக்கு வரிசையில் நிற்கிறவன், ஒன்று நிலம் இல்லாதவன், இல்லையென்றால் வேலை இல்லாதவன். நகரத்தில் இரண்டு வகையும் நிறையப் பேர் இருந்தார்கள் போலிருக்கிறது.

அந்த வாரம் பூராவும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினேன். ஒன்றின் வாசலில் உலக உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. பெயரில் இண்டர்நேஷனல். எந்த நாடு அங்கிருந்து தெரிகிறது என்று எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் கருவாடு காயப்போடும் களம்தான் தெரிந்தது. இன்னொன்றில் வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் இங்கிலீஷ் தவிர வேறொன்றும் பேசமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் சொல்ல, அதைப் பெரியவள் எனக்குத் தமிழில் சொல்ல, கோர்ட்டு மாதிரி இருந்தது. நடுவில் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. "ரசம் மட்டும் வச்சாப் போதும்மா, தலைய வலிக்குது" என்றாள். வைத்தவுடன் மறுபடியும் இங்கிலீஷ். ரசத்துக்கு ஒரு பாஷை, என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பாஷை.

மூன்றாவது இடத்தில்தான் என் படிப்புக்கே வந்தார்கள்.

"பேரண்ட்ஸ் ரெண்டு பேரும் டிகிரி முடிச்சிருக்கணும்."

"படிக்கப் போறது பிள்ளைங்கதானேங்க?"

"ஹோம்வொர்க்கை யார் சொல்லிக்கொடுப்பா?"

அப்படியென்றால் நீங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் அங்கேயே பதில் சொல்கிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்கு எல்லாப் பதிலும் வரும். அன்றைக்கு அந்த இரும்புச் சட்டி பார்த்த தேய்ப்பை அதன் ஆயுசில் பார்த்திருக்காது.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. களையெடுக்க அவள் போகவேண்டிய இடத்துக்கு நான் போனேன். ஒரு மாசம் கழித்து வகுப்புக்குத் திரும்பியபோது கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க மகாராணி, களையெல்லாம் சௌக்கியமா?" என்றார். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. அந்த வாத்தியார் எத்தனை ஆயிரம் கணக்குப் போட்டாரோ தெரியாது. ஒரு ஆளை ஒரே வரியில் கழித்தது அவர் போட்ட சுலபமான கணக்காக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் களையெடுத்தேன். பயிரும் புல்லும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் நிற்கும். புதிதாக வருகிறவள் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவைப்பாள். இலை தண்டோடு சேருகிற இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்குச் சின்னதாக நாக்கு மாதிரி ஒரு தோல் இருக்கும், புல்லுக்கு இருக்காது. நாலு நாள் கழித்து அதைப் பார்க்கக்கூட வேண்டாம், கை சொல்லிவிடும். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே படிப்பு அது.

நாகையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்கிறவள். விடிவதற்குள் ஏலத்தில் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு வந்துவிடுவாள். அவள் பெண்கள் இரண்டு பேரும் நாலு தெரு தள்ளியிருந்த அரசாங்கப் பெண்கள் பள்ளியில் படித்தார்கள். நான் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் நான் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு இறங்கியதும் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஏண்டி, பிள்ளைய சேக்கப் போறியா, மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

"நல்ல பள்ளிக்கூடம்க்கா. புடவை நல்லா இருந்தாத்தான் உள்ளயே விடுறாங்க."

"அப்ப புடவைய மட்டும் அனுப்பு. அது படிச்சிட்டு வரட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் பெண்கள் நீல வெள்ளைச் சீருடையில் போவதை அதுவரை நானும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருந்தேன். கிரீடம் வைத்து அழைத்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நான். ஒரே மாசத்தில் எனக்கு அந்தப் புத்தி வந்துவிட்டது. நகரத்துக் காற்று எஞ்சினில் உப்பு ஏறுவதைவிட வேகமாக ஏறும்.

கடைசியில் படகுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். அதன் தாளாளர் அவருக்குப் பழக்கம். ஜனவரியில் முடிந்துபோன அட்மிஷன் அந்த ஒரு போனில் மறுபடியும் பிறந்துவிட்டது. சனிக்கிழமை பிள்ளைகளோடு நேர்காணலுக்கு வரச்சொன்னார்கள். விண்ணப்பம் கையில் வந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரே ஒரு கட்டத்தைத்தான். தாயின் கல்வித்தகுதி.

"பிளஸ் டூன்னு போடு" என்றார் இவர்.

"சர்டிபிகேட் கேட்டா?"

"புயல்ல போச்சுன்னு சொல்லு. இந்தப் பக்கம் எவன் வீட்டுலதான் போகல?"

போட்டேன். போட்டதிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் சோறு இறங்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், எந்த வருஷம், என்ன குரூப் என்று அவர்கள் கேட்பதும், நான் உளறுவதும், பெரியவளுக்கு முன்னாலேயே அவர்கள் சிரிப்பதும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. குழம்பு தாளிக்கும்போது குரூப் பெயரை மனப்பாடம் செய்தேன். என் அவமானம் போகட்டும். என்னால் அந்தப் பிள்ளைக்கு இடம் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு.

அந்த அறையில் ஏ.சி. இருந்தது, மீன் தொட்டி இருந்தது, தாளாளரின் மனைவி இருந்தார். அவர்தான் பிரின்சிபாலும். பக்கத்தில் ஒரு இளம் மிஸ், மடியில் படம் போட்ட அட்டைகள். சின்னவளிடம் யானையைக் காட்டினார்கள், பஸ்ஸைக் காட்டினார்கள். அவர்கள் கேட்காத அட்டைக்கெல்லாம் சேர்த்து அவள் கத்தினாள். அடுத்து பெரியவள். உணவுப் பயிர்கள் என்று ஒரு அட்டை.

"வாட் இஸ் திஸ்?"

"வீட், மிஸ்."

மிஸ் அட்டையைத் திருப்பித் தன் பக்கம் பார்த்துக்கொண்டார். "நல்லாப் பாரு. கீழ எழுதியிருக்கு பார். பாடி. பாடின்னா நெல்லு."

"இல்ல மிஸ். எழுதினது தப்பு. நெல்லுக் கதிர் தொங்கிக்கிட்டு இருக்கும் மிஸ். இது குச்சி மாதிரி நிக்குது, மேல மீசையா இருக்கு. ஆட்டா பாக்கெட்ல போட்டிருக்குமே, அதான் இது."

நானும் பார்த்தேன். அச்சு அசல் கோதுமை. வாழ்நாளில் கோதுமை வயலில் கால் வைக்காத நான், இது நெல் இல்லை என்பதை அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றேகூடச் சொல்லியிருப்பேன்.

பிரின்சிபால் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பெரியவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாக்பீஸைக் கீழே வைக்கிற பார்வை. இன்னும் ஒரு வாக்கியம் இவள் பேசினால் எல்லாம் போய்விடும் என்று எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. மேஜைக்கு அடியில் அவள் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன்.

"மிஸ் சொல்றாங்கல்ல. பாடின்னு சொல்லும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "பாடி" என்றாள்.

"குட்" என்றார் மிஸ்.

அதோடு விட்டிருக்கலாம். பிரின்சிபாலுக்கு விளையாட வேண்டும் போல இருந்தது. என் பக்கம் திரும்பினார். "தஞ்சாவூர் சைடுதானே மேடம் நீங்க? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"நெல்லுதாங்க மேடம்" என்றேன். போதாததற்குச் சிரித்தும் வைத்தேன்.

கட்டத்தில் எழுதிய பிளஸ் டூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விண்ணப்பத்தை அவர்கள் பிரித்தே பார்க்கவில்லை. "திங்கக்கிழமை டி.சி.யோட வந்து ஃபீஸ் கட்டிடுங்க" என்றார்கள். ஐந்து நாள் என் சோற்றைத் தின்ற கேள்வி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

மினி பஸ்ஸில் சின்னவள் பாடி, பாடி என்று ராகம் போட்டுக்கொண்டு வந்தாள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கோபமாக இருக்கிறாள், கிள்ளியதற்கு இரண்டு வார்த்தை திட்டுவாள், நான் சமாதானம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். இறங்குகிற இடம் வரும்போது திரும்பினாள். கோபமே இல்லை. ரொம்பப் பதவிசாகக் கேட்டாள்.

"உனக்கும் தெரியலையாம்மா?"

"எது?"

"அது கோதுமைன்னு. பரவால்லம்மா. நீ ஒம்பதாவதுதானே."

பொய் சொன்னேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அம்மா பொய் சொல்வாள் என்பதைவிட அம்மாவுக்குத் தெரியாது என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நம்பச் சுலபமாக இருந்தது. தெரியாதவளாகவே இருந்துவிட்டுப் போகலாமா, கோழை என்று ஒத்துக்கொள்ளலாமா? இரண்டு மனசாக இருந்தேன். பஸ் நின்றது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மீன்கார அக்காவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லவேளை மீன் படம் காட்டல. என் மவளா இருந்தா வெலையும் சேத்துச் சொல்லிருப்பா." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ ஏண்டி ஆமான்ன?" என்றாள்.

"இடம் போயிடுமேக்கா."

"நாலு நாள் மீனை இன்னிக்குப் பிடிச்சதுன்னு ஒருத்தன் சொன்னா, நான் வாயப் பொத்திக்கிட்டு வாங்குவனா? நாறுதுன்னு சொல்ல மாட்டேன்?"

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அந்த நாற்றம் என் மூக்கிலேயே இருந்தது. இவரிடம் சொன்னேன். "ஒரு படம் தப்பா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? படகுக்காரர் முகத்துக்காகக் குடுத்த சீட்டு, பேசாமப் போய்க் கட்டிட்டு வா" என்றார்.

"டீசல் எது, மண்ணெண்ணெய் எதுன்னு தெரியாதவன்கிட்ட எஞ்சினை விடுவீங்களா?"

அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

திங்கட்கிழமை பெரியவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சாதாரணப் புடவைதான். டி.சி. பையில் இருந்தது. அலுவலகத்துக்குப் போகாமல் நேராக ஏ.சி. அறைக்குப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது உள்ளே நுழைந்ததும் பாதி மறந்துவிட்டது.

"மேடம், அன்னிக்கி அந்தப் படம்... அது கோதுமைங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். எட்டு வருஷம் களையெடுத்தவங்க நான். பாப்பாவைக் கிள்ளி மாத்திச் சொல்ல வச்சேன். அவ சொன்னதுதான் சரி. அப்புறம் நான் பிளஸ் டூ இல்லைங்க. ஒம்பதாவதுல நின்னுட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அதற்கு என் முதுகு தயாராகத்தான் இருந்தது. அவர் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"இட்ஸ் ஓகே மேடம். அதெல்லாம் ஆபீஸ்ல சொல்லி மாத்திக்கங்க."

"படங்க?"

"எந்தப் படம்?"

"கோதுமைப் படத்துக்குக் கீழ நெல்லுன்னு போட்டிருக்கே."

"ஓ. அது கம்பெனி பிரிண்ட் பண்ணி அனுப்பறது. எப்படி இருந்தாலும் ரெண்டும் கிரெயின்தானே?" பெரியவளைப் பார்த்துச் சிரித்தார். "எக்ஸாம்ல என்ன போட்டிருக்கோ அதை எழுதினாத்தாம்மா மார்க். ஓகே?"

டெல்டாவில், ரயில் ரயிலாக நெல் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிரின்சிபால் இதைச் சொன்னார். அவரிடம் திமிர் இருந்திருந்தால்கூட நான் மதித்திருப்பேன். ஒன்றுமே இல்லை. அந்த மீன் தொட்டியில் இருந்ததற்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடி மட்டும்தான் இருந்தது. இந்த அம்மாளைப் பார்த்தா நான் ஐந்து நாள் சாப்பிடாமல் கிடந்தேன் என்று நினைத்தபோது, பயம் போன இடத்தில் அருவருப்புதான் மிஞ்சியது.

பெரியவள் என் முந்தானையை இழுத்தாள். "வாம்மா, போலாம்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டியதும் அவள் கேட்டாள். "அப்ப உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏம்மா கிள்ளின?"

"பயந்துட்டேன்."

ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தாள். "ரொம்ப வலிச்சிச்சு" என்றாள். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேராக மீன்கார அக்காவின் பெண்கள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இங்கே யாரும் கிரீடம் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. மின்விசிறி கிரீச் கிரீச்சென்றது. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நாய் படுத்திருந்தது. கழிப்பறை எப்படி இருக்குமோ என்று எனக்கு அடுத்த கவலை ஆரம்பித்துவிட்டது. ஆனால் இடம் இருந்தது. சின்னவளை எதிரிலேயே இருக்கும் தொடக்கப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். டி.சி.யை வாங்கிக்கொண்ட கிளார்க், தடித்த ரிஜிஸ்டரைப் பிரித்துவைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினார். அதிலும் அதே கட்டம் இருந்தது.

"அம்மா என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒம்பதாவதுங்க."

"பாஸா?"

"இல்லைங்க. பாதியில நின்னுட்டேன்."

"அப்ப எட்டுன்னுதான் போடணும்" என்று பேனாவைக் கட்டத்தில் வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் மேஜை மேல் எட்டிப் பார்த்தாள். "எட்டு இல்ல சார். எங்கம்மா அரைப் பரிட்சை வரைக்கும் போனாங்க. எட்டரை போடுங்க."

"அரைக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல பாப்பா."

"அப்ப கட்டம் தப்பு சார்."

என் கை தானாக அவள் தொடைப் பக்கம் போனது. பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் எட்டு என்றே எழுதி, மையை ஊதிக் காயவைத்தார்.